சைவக் கோழிகள்

“துப்பு! துப்புடி! மரியாதையாச் சொல்றேன், துப்பிடு!”

தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு சேலையூர் வீட்டுக்குள் நுழைந்த ஒரு சாயங்காலம் என் காதில் விழுந்த குரல் இது. வீட்டுக்காரர் சிதம்பரநாதன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் குடையோடு, வீட்டை ஒட்டிய காலி மனையில் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு நாலடி முன்னால் ஒரு வெள்ளைக் கோழி ஓடியது. அதன் அலகில் நீளமான மண்புழு ஒன்று தொங்கியது. புழுவில் பங்கு கேட்டு இன்னும் ஐந்து கோழிகள் பின்னால் ஓடின.

“தம்பி, அந்தப் பக்கம் மறிங்க! பல்லாவரம் வாயில புழு!”

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு, டிபன் பாக்ஸும் கையுமாகக் கோல் கீப்பர் போல நின்றேன். பல்லாவரம் என்ற அந்தக் கோழி என் கால் நடுவில் புகுந்து, அந்தப் பக்கம் போய் நின்று, எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே புழுவை விழுங்கியது.

சார் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு இரைத்தது.

“போச்சு. நாளைக்கு இது போடறது அசைவம். அதை நீங்க எடுத்துக்குங்க.”

புழு தின்ற கோழியின் மறுநாள் முட்டை எங்கள் வீட்டுக்கு. கீரை மட்டும் தின்ற கோழியின் முட்டை அவர் வீட்டுக்கு. இதுதான் ஒப்பந்தம். சிரிக்காதீர்கள், அன்றைக்கு நானும் சிரிக்கவில்லை. பின் கட்டில் குடியிருப்பவன் வீட்டுக்காரர் எதிரில் சிரிக்க முடியாது.

‘அது’

சார் பரம்பரைச் சைவம். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘முட்டை’ என்ற சொல்லையே வாயால் சொல்ல மாட்டார். ‘அது’ என்பார். பரீட்சையில் யாராவது சைபர் வாங்கினால்கூட “அது வாங்கிட்டான்” என்றுதான் சொல்லுவார்.

நாங்கள் குடிவந்தபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “கருவாடு வறுப்பீங்களா?”

என் மனைவி ஸ்டெல்லா அசரவில்லை. “கார்த்திகை சோமவாரம், பிரதோஷம், கிருத்திகை எல்லாம் லிஸ்ட் எழுதிக் கொடுங்க சார். அன்னிக்கு வறுக்க மாட்டோம்.”

அந்த லிஸ்ட் பல காலம் எங்கள் சமையலறைச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே ஒட்டியிருந்தது. வருஷத்தில் கருவாட்டுக்கு மிஞ்சிய நாட்கள் குறைவுதான்.

ஸ்டெல்லா ஆறு வெள்ளைக் கோழியும் ஒரு சேவலும் வளர்த்தாள். சார் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார். கோழி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரரைத் தாண்டுவது போலத் தாண்டிப் போவார். இப்படியே போயிருக்கும், வள்ளி தலைப்பிரசவத்துக்கு வராமல் இருந்திருந்தால்.

வள்ளி அவருடைய ஒரே மகள். மாப்பிள்ளைக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வந்து இறங்கியபோதே பெண் வெளுத்துப்போயிருந்தாள். எது சாப்பிட்டாலும் வாந்தி. தாம்பரத்து லேடி டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னதைக் கோமதி அம்மா, அதாவது சாரின் மனைவி, அழுதுகொண்டே ஸ்டெல்லாவிடம் சொன்னார்.

“குழந்தை வளர்த்தி போதலையாம் ஸ்டெல்லா. இவளுக்கும் உடம்புல ஒண்ணும் இல்லையாம். இப்படியே போனா பிரசவத்துல தாங்க மாட்டாளாம். தினம் ரெண்டு... ரெண்டு... அது சாப்பிடணுமாம்.”

பாய் கடை

மூன்றாம் நாள் சார் என்னைக் கூட்டிக்கொண்டு கேம்ப் ரோட்டில் இருந்த பாய் கடைக்குப் போனார். கடைக்குப் பத்தடி தள்ளி, ஒரு லாரியின் மறைவில் நின்றுகொண்டு என்னை அனுப்பினார். நான் கேட்க வேண்டிய கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்.

“பாய், இந்த முட்டை போடற கோழி என்ன சாப்பிடும்?”

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னா சார், கோழிக்குப் பொண்ணு பாக்கறியா? அது துன்றதெல்லாம் யாரு பாத்தாங்க? பண்ணைல மீன் தூளு போடுவான், எலும்புத் தூளு போடுவான்.”

“நாட்டுக்கோழி முட்டை?”

“அது குப்பைலயே கீது சார். பல்லி துன்னும், கரப்பான் துன்னும், கெடைச்சா எலிக்குட்டியும் துன்னும். முட்டை வோணுமா, கோழி ஜாதகம் வோணுமா? காலங்காத்தால பேஜார் பண்ணாதே.”

லாரியின் மறைவிலிருந்து ‘சிவ சிவா’ என்று ஒரு சத்தம் கேட்டது.

திரும்பும் வழியில், எங்கள் தெரு முனையில் சார் சட்டென்று நின்றார்.

“தம்பி, பசு என்ன சாப்பிடுது? புல். அதனால பால் சைவம். கோழியும் புல்லை மட்டும் சாப்பிட்டா?”

நான் தலையை ஆட்டி வைத்தேன். சரியா தப்பா என்று இன்றுவரை தெரியாது.

நானும் ஒரு நிபுணர்

என் உத்தியோகம் டைப்பிஸ்ட் என்று இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். விவசாயம் சம்பந்தப்பட்ட ஒரு அலுவலகம். ஆனால் டைப் அடிக்கிறவன் வேறு, அடிக்கப்படுகிற விஷயம் வேறு என்று எங்கள் காலனியில் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. தென்னையில் வண்டு விழுந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ரோஜா பூக்காவிட்டால் என்னைத்தான் முறைப்பார்கள்.

எங்கள் அதிகாரி ஒருவர் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போவார், நகல் எடுப்பதற்காக நான் டைப்ரைட்டரில் ஸ்டென்சில் வெட்டுவேன். தப்பு வந்தால் தடவுகிற சிவப்புத் திரவத்தின் வாடைக்கு எனக்குச் சாயங்காலம் வரை தலை சுற்றும். ஒரு நாள் கோழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக ஒரு கோழி உள்ளே வந்துவிட்டது. அதிகாரி மேஜை மேல் ஏறி நின்றுகொண்டு மீதியைச் சொன்னார். அன்றைக்கு வெட்டிய ஸ்டென்சில்தான் ‘முட்டைக் கோழிகளுக்கு மேய்ச்சல் பயிர்கள்’ என்ற துண்டுப் பிரசுரம்.

அதில் இரண்டு தாள். முதல் தாள் முழுக்கப் பச்சை. வேலிமசால் விதையுங்கள், தட்டைப்பயறு விதையுங்கள், முருங்கை இலை கட்டித் தொங்கவிடுங்கள், மனையை நாலாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய விடுங்கள். இரண்டாம் தாள் வேறு மாதிரி. பச்சை மட்டும் போதாது, முட்டையிடும் கோழிக்கு மீன் தூள் கொடுங்கள், கறையான் பிடித்துப் போடுங்கள், ஓடு கெட்டிப்படக் கிளிஞ்சல் வையுங்கள்.

நான் சாரிடம் முதல் தாளை மட்டும் கொடுத்தேன்.

ஏன் கொடுத்தேன் என்று கேட்டால், பயம்தான். இரண்டாம் தாளைப் பார்த்தால் முட்டையும் வேண்டாம், கோழியும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். வள்ளிக்கு ஒன்றும் கிடைக்காது. கோழி எப்படியும் திருட்டுத்தனமாகப் புழு பொறுக்கிக்கொள்ளும் என்று நினைத்தேன். அதோடு, என் டைப்பிங்கை வேத வாக்கு மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்ட முதல் ஆள் அவர். பெருமை வேறு கண்ணை மறைத்தது.

சேவலுக்கு மாற்றல்

முதல் வேலையாகச் சேவல் போனது. சேவல் இருந்தால் ‘அது’க்குள் உயிர் வந்துவிடுமாம். வயலும் ஏரியுமாக இருந்த பெரும்பாக்கத்தில் ஸ்டெல்லாவின் அக்கா வீட்டுக்கு அதைப் பையில் போட்டுக் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் பஸ்ஸில் கூவிக்கொண்டு வந்தது. கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அடுத்து மனை. சேலையூர் மண் செம்மண்ணும் சரளையும். சார் தன் கையாலேயே கொத்தினார். ஓரம் முழுக்க வேலிமசால், நடுவில் தட்டைப்பயறு, தண்ணீர் தேங்குகிற மூலையில் அருகம்புல். சிறுகீரையும் தானாக முளைத்த மூக்கிரட்டையும் இடைவெளியை நிரப்பின. ‘அகத்தியைக் கோழிக்குக் கொடுக்கக் கூடாது’ என்று தாளில் ஒரு வரி இருந்தது. துவாதசிதோறும் அகத்திக் கீரை சாப்பிடுகிறவருக்கு அதில் மட்டும் வருத்தம்.

நாலு பாத்தியைப் பிரிக்க வலை வேண்டும். கோவளத்திலிருந்து பழைய மீன் வலை வாங்கி வந்தேன். சார் அதை மூன்று நாள் மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தார். வலை மஞ்சளானது, வாடை போகவில்லை. கோழிகள் என்னவோ அந்த வலையை ஆசையாகக் கொத்திக்கொண்டே இருந்தன.

கோழிகளுக்குப் பேரும் வைத்தார். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல். எல்லாம் தாம்பரத்தை அடுத்து வரிசையாக வரும் ஸ்டேஷன்கள். முப்பது வருஷம் அந்த மின்சார வண்டியில் போய்வந்தவருக்கு வேறு பேர் வாயில் வரவில்லை. “குரோம்பேட்டை இன்னும் வரலையே” என்று அவர் கவலைப்படுவதைக் கேட்டு, எதிர்வீட்டுக்காரர் வண்டி லேட் என்று நினைத்து ஸ்டேஷனுக்குக் கிளம்பாமல் உட்கார்ந்துவிட்ட கதையும் நடந்தது.

முதல் மாதம் அமோகம். பச்சை ஏற ஏற மஞ்சள் கரு துலுக்கச் சாமந்தி நிறத்துக்கு வந்தது. ஸ்டெல்லா எங்கள் பங்கு முட்டையைக் கிண்ணத்தில் உடைத்து அவரிடம் காட்டினாள். சார் முதல் தடவையாகக் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

“பாத்தீங்களா தம்பி நிறத்தை? இது அது இல்லை. ஓட்டுக்குள்ள இருக்கிற கீரை.”

முட்டையை எங்கள் அடுப்பில்தான் வேகவைப்போம். ஸ்டெல்லா உரித்து, எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி எடுத்துக்கொண்டு போவாள். சார் அதற்குள் ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போய்விடுவார். வள்ளி மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்குவாள். ஒவ்வொரு வாய்க்கும் இருமுவாள். கோமதி அம்மா முதுகைத் தடவிக்கொண்டே “என் கண்ணுக்கு எவ்வளவு கஷ்டம்” என்று அழுவார். ஸ்டெல்லாவுக்கும் கண்ணீர் வந்துவிடும்.

பரிசோதனை

சார் சும்மா இருந்திருக்கலாம். பல்லாவரம் புழு தின்ற அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவருக்குள் இருந்த டிக்கெட் பரிசோதகர் எழுந்துவிட்டார்.

விடிந்ததும் கோழிகளைத் திறப்பதற்கு முன்னால், அன்றைய பாத்தியை அவரே பெருக்குவார். புழு, பூச்சி, வெட்டுக்கிளி எல்லாவற்றையும் இடுக்கியால் பிடித்து ஒரு டப்பாவில் போட்டு, உயிருக்குச் சேதமில்லாமல் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருவார். ஒரு நாள் அந்த டப்பாவை வாக்கிங் போன யாரோ திறந்து காட்டச் சொல்லி, உள்ளே நெளிந்ததைப் பார்த்துவிட்டு ஓடியே போனாராம். பகல் முழுக்கக் குடையோடு மனையில் காவல். கோழி ஒவ்வொன்றின் அலகையும் பிரித்துப் பார்ப்பார். சாப்பாடு, பச்சையும் நொய்யும் தவிடும் மட்டும்.

ஒரு மாதத்தில் முட்டை குறைந்தது. ஆறு நாலாயிற்று, நாலு ஒன்றாயிற்று. அந்த ஒன்றும் தோல் முட்டை, விரல் பட்டால் அமுங்கும். பிறகு அதுவும் நின்றது. அசைவ முட்டை, சைவ முட்டை என்ற பேச்சே இல்லாமல் போய்விட்டது.

பச்சை போதவில்லையோ என்று சார் இன்னும் இரண்டு வரிசை தட்டைப்பயறு விதைத்தார். கோழிகள் கீரை நடுவில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தன. எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

வள்ளியை மறுபடி டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். போன தடவைக்கு இந்தத் தடவை எடை ஏறவே இல்லை. டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார். பாய் கடை முட்டையாவது வாங்கலாம் என்று கோமதி அம்மா சொன்னதற்கு, சார், “என் பொண்ணு வயித்துல எலிக்குட்டியா?” என்று கத்தினாராம். கத்திவிட்டு உள்ளே போய் அழுதாராம்.

அன்றைக்கு ஸ்டெல்லா எனக்குச் சோறு போடவில்லை.

“அந்த ரெண்டாவது தாளை எடுங்க.”

“எந்தத் தாள்?”

“நடிக்காதீங்க. அந்தப் பொண்ணு மூஞ்சிய நிமிந்து பாத்தீங்களா? சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கீது. மனுசன் பாவம், கோழியப் பட்டினி போட்டுட்டுப் பாடுபட்டுக்கினு இருக்காரு. உங்க கோழைத்தனத்துக்கு ஒரு உசுரு போவணுமா?”

கோபம் வந்தால் என் மனைவிக்கு அவள் பிறந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். வந்தால் எதிர்த்துப் பேசக் கூடாது.

இரண்டாம் தாள்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போகும் முன்பே பாவமன்னிப்பு கேட்க வேண்டியதாயிற்று. சார் வேலிமசாலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு, மறுபடி மேலிருந்து படித்தார்.

“இது ஏன் முதல்லயே வரலை?”

“பயம் சார். நீங்க வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு...”

“சொல்லியிருப்பேன்” என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “கிளிஞ்சல்னு போட்டிருக்கு. அதுவும் உயிர் இருந்ததுதானே?”

பின்னால் வந்து நின்ற ஸ்டெல்லாதான் பதில் சொன்னாள். “வெத்திலைக்கு நீங்க தடவிக்கிற சுண்ணாம்பு அதைச் சுட்டதுதான் சார்.”

சார் வாயில் அப்போது வெற்றிலை இருந்தது. மெல்லுவதை நிறுத்தினார். துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. பிறகு தாளை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கோழிகளோடு நாங்களும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே நான் சர்ச்சில் பூசைக்குப் போனேன். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் பார்த்தால் மனையின் மூலையில் ஒரு பழைய மண்பானை கவிழ்ந்திருந்தது.

திங்கட்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சார் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மனைக்கு வந்தார். பானையை நிமிர்த்தினார். உள்ளே வைத்திருந்த காய்ந்த சாணியிலும் கிழிந்த சாக்கிலும் கறையான் மொய்த்திருந்தது. தாளில் போட்டிருந்த முறைப்படியே, ஒரு வரி பிசகாமல் செய்திருந்தார். எறும்பு வரிசை குறுக்கே வந்தால் தாண்டிப் போகிற மனிதர் அவர்.

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சாக்கை உதறினார். ஆறு ஸ்டேஷனும் ஒரே நேரத்தில் ஓடிவந்தன.

“சார், நான் செய்யறேன் சார், நீங்க போங்க.”

“வேண்டாம் தம்பி. பாவம் உங்களுக்கு வர வேண்டாம். என் பொண்ணு, நான்தான் செய்யணும்.”

நான் வாய் கொப்பளிக்கப் போனேன்.

தினமும் செய்தார். கிளிஞ்சலும் வைத்தார். இடுக்கி, டப்பா, குடை எல்லாம் பரணுக்குப் போயின. கோழிகள் மனை முழுக்கச் சுற்றி எதை வேண்டுமானாலும் தின்றன. பன்னிரண்டோ பதின்மூன்றோ நாள் கழித்துத் திரிசூலம் கொக்கரித்தது. கோமதி அம்மா கூடைக்குள் கைவிட்டு எடுத்தபோது முட்டை கதகதவென்று, கெட்டி ஓட்டோடு இருந்தது. அந்த வாரத்தில் மற்ற கோழிகளும் போட ஆரம்பித்தன.

பிரசவம் நல்லபடியாக நடந்தது, பெண் குழந்தை, நல்ல எடை. படிக்கிறவர்களைக் காக்க வைக்க மனமில்லாமல் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு மறக்காதது பிரசவம் அல்ல. முட்டை திரும்பி வந்த அந்த முதல் நாள்.

உரித்த முட்டை

ஸ்டெல்லா அன்றைக்கு இரண்டு முட்டை வேகவைத்தாள். உரிக்கப் போகும்போது சார் எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றார். அந்த வாசலுக்கு அவர் அதுவரை வந்ததே இல்லை.

“ஓட்டோட கொடுங்கம்மா. இன்னிக்கு நான் பாத்துக்கறேன். நீங்களும் வாங்க, தம்பியும் வரட்டும்.”

கிண்ணத்தை அவரே எடுத்துக்கொண்டு போனார். ஏரிக்கரைக்குப் போகவில்லை. வள்ளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். முட்டையைக் கையில் எடுத்தார். எந்தப் பக்கம் உடைப்பது என்று தெரியவில்லை. ஸ்டெல்லா சைகை காட்டினாள். கட்டில் காலில் தட்டி, நகத்தால் பிய்த்தார். ஓட்டோடு பாதி வெள்ளையும் வந்துவிட்டது. முட்டை என்று சொல்ல முடியாத ஒரு வடிவத்தில், கோமதி அம்மா கொடுத்த உப்பைத் தூவி, அதை மகளிடம் நீட்டினார்.

வள்ளி வாங்கினாள். ஜன்னல் வழியாகப் பன்னிரண்டு நாளாக அப்பாவையும் பானையையும் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். மூக்கைப் பிடிக்கவில்லை. இருமவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டே பாதியைக் கடித்துச் சாப்பிட்டாள்.

“உப்பு போதுமாம்மா?”

“போதும்பா. நடுவுல ரெண்டாக் கீறி, கொஞ்சம் மிளகுத்தூள் தூவி, கல்லுல ஒரு திருப்பு திருப்பினா இன்னும் நல்லா...”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கோமதி அம்மா மகளைப் பார்த்தார். ஸ்டெல்லா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள். நான் பெரும்பாக்கத்துக்கு மாற்றலான சேவலை நினைத்துக்கொண்டேன்.

“எத்தனை நாளா?” என்றார் சார்.

“கல்யாணமான மாசத்துலேர்ந்துப்பா.” குரல் உள்ளே போயிருந்தது. “அவங்க வீட்டுல எல்லாரும் சாப்பிடுவாங்க. உங்ககிட்ட சொன்னா தாங்க மாட்டீங்கன்னு...”

சாரின் கையில் இரண்டாவது முட்டை பாதி உரித்தபடி இருந்தது. மீதியையும் உரித்தார். இந்தத் தடவை வெள்ளை பிய்யாமல் முழுசாக வந்தது.

“கோமதி, மிளகுத்தூள் எடுத்துட்டு வா” என்றார். “கத்தியும் கொண்டு வா. நடுவுல கீறணுமாம்.”